தேய்ந்த பிரேக் பேட் சொல்லும் சேதி

உதகையிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைச்சாலையில், கோடை விடுமுறைக் காலத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு கார் ஒதுங்கி நிற்கும். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை கிளம்பும். கருகிய நெடி மூக்கைத் துளைக்கும். குழந்தைகள் காரைவிட்டு இறங்கித் தள்ளி நிற்க, ஓட்டி வந்தவர் குடிநீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின்மீது ஊற்றிக்கொண்டிருப்பார். என்ன நேர்ந்தது என்று கேட்டால் "பிரேக் பிடிக்கவில்லை" என்பார். கூடவே, "போன வருடம்தான் பேட் மாற்றினேன்" என்றும் ஆற்றாமையுடன் சொல்வார்.

அவருடைய முதல் வாக்கியம் அன்றைய ஆபத்தைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம்தான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு வருடத்துக்குள் பேட் ஏன் தேய்ந்தது என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை; பேட்டை மாற்றிக் கொடுத்த பணிமனையும் கேட்கவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, காய்ச்சலுக்கான காரணத்தைத் தேடாமல் விட்டதைப் போன்றது இது.

பிரேக் பேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். விலை கூடுதலான டிஸ்க்கைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. எனவே அது தேய்வதில் குற்றம் இல்லை. உரிய காலத்துக்கு முன்பே தேய்ந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், காரின் வேறெங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. அல்லது ஓட்டுபவரின் காலில் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தச் சேதியைத் தேய்ந்த பேட் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுகிறோம்.

தேய்மானத்தில் தொடங்கிய வரலாறு

பிரேக் பட்டையின் வரலாறே முன்கூட்டிய தேய்மானத்தில்தான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களுடன், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணமே உலகின் முதல் நெடுந்தூர கார் பயணமாகக் கருதப்படுகிறது. வழியில் இருந்த சரிவுகளில் வண்டியின் மரத்தாலான பிரேக் கட்டைகள் விரைவாகத் தேய்ந்தன. பெர்த்தா ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் சென்று, அந்தக் கட்டைகளின்மீது தோலை ஆணியடித்துப் பொருத்தச் செய்தார். இன்றைய பிரேக் பட்டைக்கு அதுவே முன்னோடி.

1902-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், டிஸ்க்கைப் பற்றிப் பிடிக்க அவர் பயன்படுத்திய செம்பு, அக்காலப் புழுதிச் சாலைகளில் வேகமாகத் தேய்ந்தது; காது கூசும் ஒலியையும் எழுப்பியது. நல்ல வடிவமைப்பும் ஏற்ற உராய்வுப் பொருள் இல்லாமல் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டைகள் வந்தன. வெப்பத்தைத் தாங்கினாலும், அவற்றின் துகள் நுரையீரலைக் கெடுப்பது தெரிந்தபின் அவற்றின் இடத்தைப் பிற இழைகள் பிடித்தன. இன்றைய பேட், ரெசின், உலோகத் தூள், இழைகள், கிராஃபைட் எனப் பல பொருள்களின் கலவை. அதன் சேர்மானம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். எல்லாப் பேட்களும் ஒரே வேகத்தில் தேயாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வெப்பம்?

பிரேக் என்பது காரின் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுமையாக நிற்கும்போது உண்டாகும் வெப்பம், ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சில நொடிகளில் இவ்வளவு வெப்பத்தையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் வாங்கிக்கொள்கின்றன. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், இதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. முன்பக்க பேட்கள் பெரும்பாலும் முதலில் தேய்வது இதனால்தான்.

வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் செல்பவரைவிட 80 கி.மீ. வேகத்தில் செல்பவர், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுதல் வெப்பத்தைத் தன் பிரேக்குக்குக் கொடுக்கிறார்.

மலையிறக்கத்தின் கணக்கு இன்னும் பெரியது. உதகைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். அதே 1,200 கிலோ கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல், 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சமம். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜினின் பங்கை ஓட்டுநர் மறுத்துவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின்மீது விழுகிறது. சமவெளியில் பல மாதங்களில் தேய வேண்டிய பேட் ஒரே பயணத்தில் கருகிப்போவது இப்படித்தான்.

சக்கரத்துக்குள் நடப்பது

பேட்டின் சேதியைப் படிக்க வேண்டுமென்றால், சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சிறிது தெரிந்திருக்க வேண்டும். சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொரு பேட் இருக்கும். இரண்டையும் தாங்கி நிற்பது காலிப்பர் என்ற இரும்புப் பிடி. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய, நடுத்தர கார்களில் காலிப்பரின் உட்புறத்தில் மட்டுமே பிஸ்டன் இருக்கும். மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் நகர்ந்து, உள்பக்க பேட்டை டிஸ்க்கின்மீது அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு வழிகாட்டி ஊசிகளின்மீது வழுக்கி உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்க பேட்டையும் இழுத்து அழுத்துகிறது.

மிதியிலிருந்து காலை எடுத்ததும் பேட்கள் விலக வேண்டும். இதற்கெனத் தனி ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனுக்கு இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையமே அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னேறும்போது சற்றே முறுக்கிக்கொள்ளும் அந்த வளையம், அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்குப் பின்னால் இழுக்கிறது. இந்த நுண்ணிய இடைவெளிதான் பேட்டின் ஆயுள். ரப்பர் வளையம் இறுகினாலோ, பிஸ்டன் துருப்பிடித்தாலோ, வழிகாட்டி ஊசிகள் வறண்டு சிக்கிக்கொண்டாலோ, காலை எடுத்த பின்னும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட காரில் ஒவ்வொரு கிலோமீட்டரும் பிரேக் பிடித்தபடி ஓடிய கிலோமீட்டர்தான்.

பேட்டைப் படிக்கும் முறை

புதிய பேட்டின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. நிதானமாக ஓட்டப்படும் கார்களில் முன்பக்க பேட்கள் 30,000 முதல் 60,000 கி.மீ. வரை உழைக்கும். நெரிசல் மிக்க நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு இது குறையும். நெடுஞ்சாலைப் பயணமே மிகுந்த காருக்குக் கூடும். 10,000 அல்லது 15,000 கி.மீட்டரிலேயே பேட் முடிந்துவிட்டால் காரணம் தேட வேண்டும். அப்போது கழற்றிய நான்கு பேட்களையும், எது எந்தப் பக்கத்தினது என்று குறித்துக்கொண்டு, வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத்தின் நான்கு பேட்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் காலிப்பர்மீது பழி சொல்ல இயலாது. முதல் சந்தேகம் ஓட்டும் முறைமீது விழ வேண்டும். அடுத்த சந்தேகம் பின்சக்கரங்கள்மீது. நம் நாட்டின் பல கார்களில் பின்பக்கம் டிரம் பிரேக்தான். அதன் ஷூக்கள் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய அமைப்பு துருப்பிடித்து நின்றுவிட்டால், பின்பக்க பிரேக் தன் பங்கைச் செய்யாது. அந்தச் சுமையையும் முன்பக்க பேட்களே சுமக்கும். ஹேண்ட் பிரேக் நெம்புகோல் வழக்கத்தைவிட அதிகமாக மேலே ஏறுவது இதற்கு ஓர் அறிகுறி. மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் முழுமையாக விடுபடாமல் தங்குவது. மிதியில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாமல் போனாலும் இது நேரும்.

இடது, வலது சக்கரங்களுக்கிடையே வேறுபாடு இருந்தால், அதிகம் தேய்ந்த பக்கத்தின் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். ரப்பர் ஹோஸ் உட்புறமாக ஊதிச் சிதைந்திருக்கவும் வாய்ப்புண்டு. வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ், உள்ளே ஒருவழிக் கதவைப்போல நடந்துகொள்ளும். மிதியின் பலமான அழுத்தத்தில் ஆயிலை உள்ளே விடும், திரும்ப விடாது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றும்போது இறுக்கமாக இருந்து, காலிப்பரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தியதும் சுலபமாகச் சுற்றினால், ஆயிலின் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். திருகைத் தளர்த்திய பின்னும் இறுக்கம் நீடித்தால் குறை காலிப்பரில் இருக்கிறது.

ஒரே சக்கரத்தின் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து, வெளிப்பக்க பேட் பாதியளவு மீந்திருந்தால், பிஸ்டன் திரும்பவில்லை அல்லது காலிப்பர் வழுக்கவில்லை. வெளிப்பக்க பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், வழிகாட்டி ஊசிகள் சிக்கி, காலிப்பர் வெளிப்பக்கப் பிடியைத் தளர்த்த மறுக்கிறது. பேட் ஆப்பு வடிவத்தில், ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருந்தால், இரண்டு ஊசிகளில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கலாம். அல்லது பேட் தன் இருக்கையில் சரியாக அமராமல் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம்.

பேட்டின் முகத்தையும் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஓரம் உதிர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தாலும் அதே கதைதான். ஆழமான கோடுகள் இருந்தால் டிஸ்க்கில் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. புதிய பேட்டைப் பழைய பள்ளத்தில் ஓடவிட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்ச கனம் உண்டு. பெரும்பாலான டிஸ்க்குகளின்மீது அந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்த டிஸ்க்கைக் கடைந்து சமன் செய்வது பயன் தராது, மாற்றுவதே வழி.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள காரில் பின்பக்க பேட்கள் முன்பக்கத்தை முந்திக்கொண்டு தேய்ந்தால், ஹேண்ட் பிரேக் கேபிள் முழுமையாகத் தளர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் 14 மாதங்களில் இரண்டு முறை முன்பக்க பேட்கள் மாற்றப்பட்டன. மூன்றாவது முறையும் உரசல் ஒலி வந்தபோது, வீட்டுக்கு அருகில் தகரக் கொட்டகையில் தொழில் செய்யும் வயதான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு சென்றார். அவர் இரண்டு பேட்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்று இரும்புத் தகடுவரை தேய்ந்திருந்தது. மற்றொன்றில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. "பேட்ல ஒண்ணும் இல்ல சார், பின் ஜாம் ஆயிருக்கு" என்றார். ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, ஊசி துருப்பிடித்திருந்தது. ஊசியைச் சுத்தம் செய்து, உறையை மாற்றி, பிரேக்குக்கு உரிய கிரீஸைத் தடவிப் பொருத்த ஆன செலவு, முன்பு இரண்டு முறை பேட் மாற்றிய செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை. முந்தைய இரண்டு முறையும் அந்த ஊசியைத் தொட்டுப் பார்க்க யாரும் முனையவில்லை.

காலில் இருக்கும் காரணங்கள்

எல்லாப் பழியையும் பணிமனைமீது சுமத்துவது முறையன்று. பேட்டின் ஆயுளைப் பெருமளவு நிர்ணயிப்பது ஓட்டுபவரின் கால்தான்.

முன்னால் செல்லும் வாகனத்துக்கு மிக நெருக்கமாக ஓட்டுபவர், அந்த வாகனம் செய்யும் ஒவ்வொரு தயக்கத்துக்கும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். சற்று இடைவெளி விட்டவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். சிவப்பு விளக்கு தெரிந்த பின்னும் வேகம் கூட்டிச் சென்று கோட்டருகே அழுத்திப் பிடிப்பவரும், தொலைவிலேயே காலை எடுத்து வேகத்தைக் கரைய விடுபவரும் ஒரே நேரத்தில்தான் சிக்னலைக் கடக்கிறார்கள். முன்னவர் பேட்டையும் எரிபொருளையும் சேர்த்து இழக்கிறார்.

பிரேக் மிதியின்மீது காலை லேசாக வைத்தபடியே ஓட்டுவது இன்னொரு பழக்கம். ஆட்டோமேட்டிக் கார்களில் இடது காலை பிரேக்குக்கு ஒதுக்கிவிடுபவர்களிடம் இது அதிகம். காரின் பின்விளக்கு காரணமின்றி எரிந்துகொண்டே போவதை வைத்து, பின்னால் வருபவர்கள் இவர்களை எளிதாக அடையாளம் காணலாம்.

மூன்றாவது, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. இன்றைய இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எரிபொருள் செலுத்துவதையே கணினி நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிறது. ஆக, நியூட்ரலில் இறங்குபவருக்கு எரிபொருளும் மிஞ்சுவதில்லை, பேட்டும் மிஞ்சுவதில்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் மிதி கல்லாக இறுகிவிடும்.

மலைச்சாலைக்குப் பழைய ஓட்டுநர்கள் வைத்திருந்த விதி எளியது: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கும், 40 வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலைக்கும் இன்றும் அதுவே பொருந்தும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி' நிலையிலேயே இறங்காமல், தாழ்ந்த கியரில் நிறுத்தும் நிலைக்கோ, கையால் கியர் மாற்றும் நிலைக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். பிரேக்கை நெடுநேரம் லேசாக அழுத்தியபடி இறங்குவதைவிட, வேகம் கூடும்போது ஒருமுறை உறுதியாக அழுத்தி, குறைந்ததும் முழுமையாக விட்டுவிடுவது நல்லது. விடும் இடைவெளியில்தான் டிஸ்க் ஆறுகிறது.

மின்சார கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்னாற்றலாக மாற்றிக்கொள்வதால் பேட்கள் நீண்ட காலம் உழைக்கின்றன. ஆனால், பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கும்போது அந்த ஆற்றலைச் சேமிக்க இடம் இருக்காது. மலையுச்சி விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்குபவர்கள், மோட்டார் தரும் தடுப்பு குறையக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

புகை கிளம்பிவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, தானாக ஆறும்வரை காத்திருப்பதே சரியானது. கொதிக்கும் டிஸ்க்கின்மீது தண்ணீரை ஊற்றினால் அது கோணிக்கொள்ளலாம், விரிசல் விடலாம். இரண்டு விதமான செயலிழப்பையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். மிதி உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. மிதி பஞ்சுபோல் தரைவரை இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. பிந்தையது கூடுதல் ஆபத்தானது.

அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் 155 டிகிரி வரை இறங்கலாம். எந்த அறிகுறியும் காட்டாமல் சமவெளியில் ஓடிய கார், முதல் மலைப்பயணத்தில் கைவிடுவதற்கு இதுவே காரணமாகிறது. ஈரம், காலிப்பரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்து பிஸ்டனையும் சிக்க வைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது, பேட்டின் ஆயுளுக்கும் நம் ஆயுளுக்கும் சேர்த்துச் செய்யும் செலவு.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் கண்டறிய ஒவ்வொருவரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கண், காது, மூக்கு ஆகியவையே போதும். அலாய் சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கறுத்துப் படிந்திருந்தால் அங்கே உரசல் அதிகம். பெரும்பாலான சக்கரங்களின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால் வெளிப்பக்க பேட்டின் கனம் தெரியும். உள்பக்க பேட் தெரியாது என்பதால், வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கீச்சொலி வருவது, பல பேட்களில் இதற்கெனவே பொருத்தப்பட்ட தகடு டிஸ்க்கைத் தொட்டு விடுக்கும் எச்சரிக்கை. கரகரவென்ற ஒலி வந்துவிட்டால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. அதன்பின் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் அருகே கையைக் கொண்டுசென்று பார்த்தால், ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசுவது புலப்படும். சமதளத்தில் காலை எடுத்ததும் கார் முன்பைவிடச் சீக்கிரம் நின்றுவிடுவதும், மைலேஜ் குறைவதும்கூட பிரேக் விடுபடாததன் அடையாளங்களே.

பிரேக் ஆயில் குடுவையில் அளவு மெல்லக் குறைவது, பேட் தேய்கிறது என்பதைக் காட்டும். பேட்டைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பி அனுப்புவது அந்த எச்சரிக்கையை அழித்துவிடுவதாகும். சட்டென்று குறைந்தால் கசிவு இருக்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

பேட் மாற்றும்போது, வழிகாட்டி ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் இடச் சொல்ல வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை உப்ப வைத்துவிடும்; பிரேக்குக்கு உரிய கிரீஸையே பயன்படுத்த வேண்டும். விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத பேட்டை வாங்குவது, தேய்மானத்தையும் நிற்கும் தொலைவையும் சேர்த்து வாங்குவதாகும். புதிய பேட் பொருத்திய முதல் சில நூறு கிலோமீட்டர்களில் அவசரமின்றி மிதமாகவே பிரேக் பிடித்து, பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய விட வேண்டும். புதிய பேட் போட்ட மறுநாளே குடும்பத்துடன் மலையேறுவதைத் தவிர்க்கலாம்.

பதினைந்து ஆண்டு மௌனம்

இதில் அரசின் பங்கும் இருக்கிறது. வாடகை கார், பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்கள், எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கோ பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் பிரேக்கைப் பரிசோதிக்கும் கட்டாயம் இல்லை. புகைப் பரிசோதனைச் சான்று காலந்தோறும் கேட்கப்படுகிறது. காப்பீடு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வண்டி நிற்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் மூன்று ஆண்டுகள் நிறைந்த காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையும் அளவிடப்பட்டு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு கணக்கிடப்படுகிறது. சிக்கிக்கொண்ட பிஸ்டன் அங்கே விபத்துக்கு முன்பே பிடிபட வாய்ப்பிருக்கிறது.

நம் நாட்டிலும் தானியங்கிப் பரிசோதனை மையங்கள் உருவாகி வருகின்றன. ஐந்தாண்டு நிறைந்த சொந்த கார்களுக்கு, பிரேக், டயர், ஸ்டீயரிங் ஆகிய மூன்றை மட்டுமாவது குறைந்த கட்டணத்தில் பரிசோதிக்கும் முறையை அம்மையங்கள் வழியே தொடங்கலாம். அபராதம் விதிக்கும் சடங்காக மாற்றாமல், குறையை எழுத்தில் தந்து சரிசெய்ய அவகாசம் கொடுப்பதாக அது அமைந்தால் மக்கள் வரவேற்பார்கள். மலை மாவட்டங்களின் நுழைவிடங்களில், இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகையோடு, ஏன் அப்படி இறங்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். காரணம் தெரிந்த அறிவுரை மனத்தில் தங்கும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அடுத்த முறை "பேட் மாற்ற வேண்டும்" என்று பணிமனையில் சொன்னால், "மாற்றுங்கள், பழைய பேட்களை எறிந்துவிடாமல் எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான்கையும் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். கனம் ஒன்றுபோல் இருக்கிறதா, உள்ளும் வெளியும் ஒத்துப்போகிறதா, முகம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு கண்டால் "ஏன்?" என்று கேளுங்கள். பெர்த்தா பென்ஸ், தேய்ந்த கட்டையைக் கவனித்ததால்தான் அதற்கு மாற்று தேடினார். நம் கையில் கிடைக்கும் தேய்ந்த பேட்டுக்கும் அதே கவனம் உரியது. ஒரு நிமிடம் செலவிட்டு அதைப் பார்த்துவிட்டால், அடுத்த கோடையில் நாம் இறங்கும் மலைச்சாலையில் புகையும் நெடியும் நம் சக்கரத்திலிருந்து வராது.